சுவத்துல இருக்குற வி

4 மார்ச், திங்கள்
வீடு எரிஞ்சதுல இருந்து அம்மா வெளக்கேத்தல, இன்னிக்கும்தான். சித்தி வீட்டு சாமி மேடை முன்னால போய் நிக்குறாங்க, தீப்பெட்டிய எடுக்குறாங்க, திரும்ப வச்சிர்றாங்க.

5 மார்ச், செவ்வாய்
தீயணைப்பு பொம்பால இருந்து ரெண்டு பேர் மறுபடி வந்தாங்க. மோசமா எரிஞ்ச எடத்துக்குத்தான் நேரா போவாங்கன்னு நெனச்சேன், இல்ல, வாசப்பக்கம் ஒண்ணும் ஆகாத எடத்துல ஆரம்பிச்சு கொஞ்சங்கொஞ்சமா கருகுன பக்கம் போறாங்க, அடிக்கு அடி போட்டோ. ஒருத்தர் அம்மாகிட்ட தன்மையாத்தான் கேட்டாரு, மாக்சிக், பெலித்தா எப்ப ஏத்துனீங்கன்னு, வெளக்கத்தான். புக்குல் எனாம், ஆறு மணின்னாங்க அம்மா. அதோட சரி, ராத்திரி வரைக்கும் பேச்சே இல்ல, சோறும் எறங்கல.
தோட்டத்து லயத்துல எல்லாரும் முடிவே பண்ணிட்டாங்க. வெளக்க எரிய விட்டுட்டு கடைக்கு போயிருக்கு கெழவின்னு ஒட்டுக்கடையில ஒரு அக்கா சொன்னத என் காதால கேட்டேன். நாப்பது வருஷம் ரப்பர் மரத்துல பால் வெட்டுன கை அது. ஒரு மரத்துல பால் வடியுற மங்கு கோணலா இருந்தாக்கூட திரும்பிப் போய் நிமுத்தி வச்சிட்டு வர்ற கை.

6 மார்ச், புதன்
ஈப்போக்கு வேலைக்கு போகல. மோட்டோவ எடுத்துக்கிட்டு நேரா எரிஞ்ச வீட்டுக்கு போனேன். கீழ கல் சுவரு, மேல பலகை. சாமி மேடை மூலையில மேல் பலகை மட்டும்தான் கரி, கீழ அண்ணன் அடிச்ச நீலப் பெயிண்டு இன்னும் நீலமாவே இருக்கு. ஆனா அடுப்பங்கரையில, ஐஸ்பெட்டிக்கு பின்னால, தரையில இருந்து ஒரு முழம் மேல ஆரம்பிச்சு போகப்போக விரியுது, அச்சு அசல் இங்கிலீசு வி. நடுவுல கரியே இல்ல, சிமிட்டி வெள்ளையா இருக்கு, சூடு அதிகமானா படிஞ்ச கரியும் சேந்து எரிஞ்சிருமாம். தீ மேலயும் பக்கத்துலயும் ஏறும், அதனால வியோட கூர்முனை எங்க இருக்கோ அங்கதான் மொதல்ல பாக்கணும்.
அங்க எங்க எக்ஸ்டென்ஷன் ஒயர். பிளாஸ்டிக் உருகி கட்டியா ஆயிருச்சு, செம்புக்கம்பி நுனியில மொளகு சைசுல ஒரு உருண்டை, வழவழன்னு, உருண்டைக்கு அடுத்தாப்ல கம்பி கம்பியாவே இருக்கு. பக்கத்துல அம்மாவோட அலுமினிய சட்டி தரையில அப்பளமா ஒட்டிக்கிடக்கு. அலுமினியம் 660 டிகிரிலயே உருகிரும், செம்புக்கு 1085 வேணும். நுனி மட்டும் இப்படி உருண்டா அது கரண்டு பாஞ்சு வெடிச்சது. தொடல, போன்ல புடிச்சிக்கிட்டேன்.
வெளக்கு இல்லம்மா. வெளக்கு இல்ல.

7 மார்ச், வியாழன்
போட்டோவ காட்டுனேன். பாத்துட்டு, சட்டி போச்சான்னாங்க.

9 மார்ச், சனி
ரெண்டு ராத்திரி தூங்காம படிச்சதுல தெரிஞ்சுகிட்டேன், அந்த உருண்டை ஒண்ணையும் முடிவு பண்ணாது. தீ புடிச்ச நேரத்துல ஒயர்ல கரண்டு இருந்துச்சுன்னு மட்டும்தான் அது சொல்லும், தீ வேற எங்கயோ ஆரம்பிச்சு வந்து ஒயர் மேல்தோல உருக்கியிருந்தாலும் இதே உருண்டை வரும். வியும் அப்படித்தான், கூரைக்கு கீழ தேங்குன பொகை 600 டிகிரி கிட்ட போனா ரூமே ஒரே நேரத்துல பத்திக்கும், அதுக்கப்புறம் எந்தப் பக்கம் காத்து வருதோ அந்தப் பக்கம் ஆவேசமா எரிஞ்சு புதுசா ஒரு வி போட்டுரும், எங்க பின்கதவு ஐஸ்பெட்டிக்கு பக்கத்துலதான், அன்னிக்கு தெறந்துதான் இருந்துச்சு. அப்ப மறுபடி வெளக்கா? அப்ப நீலப் பெயிண்டு?
அந்த எக்ஸ்டென்ஷன பசார் மாலாம்ல, ராத்திரிச் சந்தையில, பதினஞ்சு வெள்ளிக்கு வாங்குனது நான். ஐஸ்பெட்டியையும் ரைஸ் குக்கரையும் அதுலயே சொருகுனதும் நான்.

10 மார்ச், ஞாயிறு
அதுல சிரிம் ஸ்டிக்கர், சோதிச்சுப் பாத்த சாமான்னு ஒட்டுறது, இருந்துச்சா?

11 மார்ச், திங்கள்
இன்னிக்கு வேற கதை. கண்ணாடி செலந்தி வலை மாதிரி வெடிச்சிருக்கு, யாரோ மண்ணெண்ண ஊத்தியிருக்கான்னு ஒரு மாமா அம்மா காதுபடவே சொல்றாரு. எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்கிருச்சு. 1991ல அமெரிக்காவுல ஓக்லாண்ட் மலையில காட்டுத்தீ வந்து எரிச்ச வீடுகள்ல அம்பது வீட்ட போய் பாத்தப்ப பன்னெண்டு வீட்டுல அப்படித்தான் கண்ணாடி வெடிச்சிருந்துச்சு, அங்க யாரு எண்ணெய் ஊத்துனா? சுட்ட கண்ணாடியில தண்ணி பட்டா அப்படி ஆகும், பொம்பா அடிச்ச தண்ணி. அதே வருஷம் டெக்சாஸ்ல வீடு எரிஞ்சு மூணு பிள்ளைங்க செத்துப் போச்சு, தகப்பன் வில்லிங்ஹாமே கொளுத்துனான்னு கோர்ட்டுல காட்டுன அடையாளத்துல கண்ணாடியும் ஒண்ணு. 2004ல அவனுக்கு மரண தண்டனை குடுத்து கொன்னுட்டாங்க. வாய்க்கு வந்தத பேசுறவங்களுக்கு இது தெரியணும், நான் அழுதுட்டேதான் சொன்னேன்.

13 மார்ச், புதன்
அண்ணன் ஐஸ்பெட்டிய பழைய இரும்பு லோரில ஏத்தி விட்டுருச்சு. தகரத்தோட சேத்து. ரிப்போட் இன்னும் வரல, அதுக்குள்ள என்ன அவசரம்ணேன்னு கத்துனேன். பாத்துப் பாத்து அம்மா வதங்குதுல்லன்னுச்சு. கம்பிய மட்டும் நல்லவேளை பொம்பா அதுக்கு முந்தியே வந்து பையில போட்டு சீல் வச்சு கொண்டு போயிருந்தாங்க.

14 மார்ச், வியாழன்
மஞ்சக் கலர் ஸ்டிக்கர் ஒண்ணு கண்ணுக்குள்ள வருது. அது எக்ஸ்டென்ஷன்ல பாத்ததா, சித்தி வீட்டு காத்தாடியில பாத்ததான்னு தெரியல.

18 மார்ச், திங்கள்
பொம்பால இருந்து போன். நாளைக்கு காலைல அம்மாவ சுங்கை சிப்புட்டுக்கு கூட்டிட்டு வரணுமாம், இன்னொரு தடவ கேக்கணுமாம். அம்மா சேலைய மடிச்சு தலமாட்டுல வச்சிட்டாங்க. நாந்தான் ஏத்துனேன்னு சொல்லிர்றேன்டி, அதுல என்ன இருக்குங்குறாங்க. எக்ஸ்டென்ஷன் பத்தி இன்னும் நான் அவங்ககிட்ட வாய தெறக்கல. லைட்ட அணைச்சிட்டாங்க, ஆனா தூங்கல, வளையல் சத்தம் கேக்குது, இப்பவே எந்திரிச்சுப் போய்