கட்டின வாடகைய திரும்ப கேக்குறாரு பழைய ஓனர்

வேளச்சேரியில 2021 வரைக்கும் குடியிருந்த வீட்டோட ஓனர் இப்ப திடீர்னு வாட்ஸ்அப்ல "தம்பி, லாக்டவுன் டைம்ல ஏப்ரல், மே ரெண்டு மாச வாடகை நீங்க தரல, செட்டில் பண்ணிடுங்க"ன்னு மெசேஜ் போட்டிருக்காரு. வயிறு எரிஞ்சிடுச்சு. 2020ல பாதி சம்பளம்தான் வந்துச்சு, அப்பவும் வீட்டுக்காரி வளையல அடகு வச்சு கட்டின வாடகைங்க அது, அதப் போயி தரலன்னா எப்படி பொறுத்துக்கறது?

பேங்க் ஸ்டேட்மென்ட்ட எடுத்தேன். ரெண்டு மாசமும் அவர் அக்கவுன்ட்டுக்கு 14,000 போயிருக்கு, பக்கத்துலயே 12 இலக்க யூபிஐ நம்பரோட. அத அனுப்பி "பாக்கி எதுவும் இல்ல சார்"னு மட்டும் எழுதினேன். காலி பண்றப்போ பெயிண்டிங்குக்குன்னு அட்வான்ஸ்ல பிடிச்சாரே, பாக்கி இருந்திருந்தா அதையும் அப்பவே கழிச்சிருக்க மாட்டாரா?

வக்கீல் ஃப்ரெண்டு கிட்ட கேட்டேன். 1963 லிமிட்டேஷன் ஆக்ட்படி வாடகை பாக்கிக்கு அது விழுந்த நாள்லேர்ந்து 3 வருஷத்துக்குள்ள கேஸ் போடணுமாம், அதத் தாண்டிட்டா கோர்ட்ல நிக்காது. ஆனா சண்டை வேணாம்னு "சரி சார், கொஞ்சம் கொஞ்சமா தர்றேன்"னு எழுதி கையெழுத்து போட்டு மட்டும் குடுத்துடாதீங்க, காலாவதியான கடனா இருந்தாலும் கான்ட்ராக்ட் ஆக்ட் 25ஆவது பிரிவுல அது புது ஒப்பந்தமா செல்லும்.

நான் ஒத்த ரூபா தரப்போறதில்ல. வக்கீல் நோட்டீஸ் வந்தா ஸ்டேட்மென்ட் காப்பியோட ஸ்பீட் போஸ்ட்ல பதில் போகும்.