தபால்பெட்டியில் இரண்டு பெயர்: மணமாகி ஜெர்மனியில் குடியேறிய அனுபவம்

திருமணம் முடிந்து கணவருடன் ஜெர்மனிக்குக் குடிபெயரவிருக்கும் பெண்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் விசாவோடு நின்றுவிடுகின்றன. என் அனுபவத்தில் விசா பாதி வேலைதான். இங்கே ஒவ்வொரு காகிதமும் தனக்கு முந்தைய காகிதத்தைக் கேட்கிறது. அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி நாம் குடியிருக்கும் முகவரி. அந்த முகவரியில் என் பெயரும் சேர்ந்து நிற்க வேண்டும் என்பதில் நாங்கள் தொடக்கத்திலிருந்தே பிடிவாதமாக இருந்தோம். பின்னால் வந்த பல வேலைகள் தடையின்றி நகர்ந்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஊரில் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோயிலோ மண்டபமோ தரும் திருமணச் சான்று விசாவுக்கு உதவாது. பதிவு அலுவலகத்தில் பதிவு செய்த சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தைத் 90 நாட்களுக்குள் பதிவு செய்வது எப்படியும் கட்டாயம்தான். சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டு பாஸ்போர்ட்டில் உள்ளதோடு ஓர் எழுத்துகூடப் பிசகாமல் ஒத்திருக்கிறதா என்று அலுவலகத்தை விட்டு வெளியேறும் முன்பே சரிபார்த்துக்கொள்வது நல்லது. உறவினர் ஒருவர் அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கவைக்கும் அத்தாட்சி, வாங்கியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினார். அந்த முத்திரைக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா 2005ஆம் ஆண்டே சேர்ந்துவிட்டாலும், இந்திய ஆவணங்களுக்கான அப்போஸ்டிலை ஜெர்மனி ஏற்பதில்லை என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் செலவை மிச்சப்படுத்தினோம்.

என் கணவர் புளூ கார்டு, அதாவது தேர்ந்த திறன் கொண்ட வெளிநாட்டு ஊழியர்களுக்குத் தரப்படும் வதிவிட அனுமதி, வைத்திருப்பவர். அப்படிப்பட்டவர்களின் மனைவிக்கோ கணவருக்கோ பிற குடும்ப விசாக்களில் கேட்கப்படும் ஏ1 எனும் தொடக்கநிலை ஜெர்மன் மொழிச் சான்று தேவையில்லை. வந்து சேர்ந்ததும் வேலை பார்க்கவும் உரிமை உண்டு. இருந்தாலும் விசாவுக்குக் காத்திருந்த மாதங்களில் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் ஏ1 வகுப்புக்குச் சென்றேன். பேசுவதற்கு அது அதிகம் உதவியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரசு அலுவலகங்கள் எல்லாவற்றையும் கடிதமாகவே அனுப்பும் நாட்டில், வந்திருப்பது அறிவிப்பா, கட்டணக் கோரிக்கையா, கடைசி நாள் குறித்த எச்சரிக்கையா என்று பிரித்தறியும் அளவுக்காவது படிக்கத் தெரிந்திருப்பது பெரிய நிம்மதி.

வீட்டுக்கு வருவோம். மேற்கு ஜெர்மனியில் உள்ள ரூர் பகுதியின் நகரமொன்றில் கணவர் தனியாக ஓர் அறை வீட்டில் இருந்தார். மனைவி வரப்போகிறார் என்று தெரிவித்தபோது, தன் அனுமதி இல்லாமல் யாரும் குடிவரக் கூடாது என்று வீட்டுக்காரர் பதில் எழுதினார். வாழ்க்கைத் துணை உடன் வந்து தங்குவதற்கு வீட்டுக்காரரின் அனுமதி தேவையில்லை, தகவல் தெரிவித்தால் போதும் என்பதே இங்குள்ள சட்ட நிலை. வாடகைதாரர் சங்கத்தில் சந்தா கட்டி உறுப்பினராகி, அவர்கள் வழியாக அதை விளக்கியதும் அவர் தணிந்தார். இருவருக்கு அந்த அறை போதாது என்பது வேறு விஷயம். அடுத்த வீட்டைத் தேடும்போது ஒப்பந்தத்தில் இருவர் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். அப்படிக் கையெழுத்திட்டால் முழு வாடகைக்கும் இருவரும் பொறுப்பாளிகள் ஆகிறோம் என்பது உண்மைதான். ஆனால் வீடு கணவருடையது, நான் அதில் தங்கியிருப்பவள் என்ற நிலையைவிட அந்தப் பொறுப்பு எனக்கு மேலாகத் தோன்றியது.

புதிதாக வருபவர்களை இங்குள்ள வீடுகள் திடுக்கிட வைக்கும். நாங்கள் பார்த்த வீடுகள் பலவற்றில் சமையலறை என்பது நான்கு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும் மட்டுமே. அலமாரி, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி அனைத்தையும் முன்பு குடியிருந்தவர்கள் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். மின்விளக்கு தொங்க வேண்டிய இடத்தில் கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. கடைசியில், காலி செய்துகொண்டிருந்த குடும்பத்திடமே அவர்களுடைய சமையலறைச் சாமான்களை விலை பேசி வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு உள்ள வீட்டை எடுத்தோம். விளம்பரத்தில் முதலில் கண்ணில் படும் வாடகையில் வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை போன்ற செலவுகள் சேர்ந்திருப்பதில்லை. முன்பணம் அந்த அடிப்படை வாடகையின் மூன்று மாதத் தொகையைத் தாண்டக் கூடாது என்றும், அதை மூன்று தவணைகளில் கட்டலாம் என்றும் சட்டமே சொல்கிறது. மொத்தமாகக் கட்டும்படி கேட்ட தரகரிடம் இதைச் சொன்னோம், மறுப்பில்லாமல் ஒப்புக்கொண்டார்.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதைத்தான் இங்குள்ளவர்கள் அன்மெல்டுங் என்கிறார்கள். இன்னார் இந்த வீட்டில் குடியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தரும் படிவம் இல்லாமல் அது நடக்காது. ஒப்பந்தத்தை மட்டும் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். படிவத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயரும், கணவருடையதில் அவர் அப்பாவின் பெயரும் உள்ளன. பெயர் பொருந்தாததைப் பற்றி யாரும் கேள்வி எழுப்பவில்லை; திருமணச் சான்று இருந்தால் போதும். ஆனால் தபால்காரர் பெட்டியின் மீதுள்ள குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார், பெயர் இல்லையென்றால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும் என்பதால், இரண்டு பெயர்களையும் ஒட்டினோம். அந்தப் பெட்டியைப் பார்த்தால் வீட்டில் குடியிருப்பவர்கள் என் அப்பாவும் மாமனாரும்தான்!

இந்தப் பெயர்ப்பலகை விஷயத்தை அற்பமாக நினைக்கக் கூடாது. பதிவு முடிந்த சில வாரங்களில், வேலைக்குச் சேர்வதற்கு அவசியமான 11 இலக்க வரி எண் தபாலில்தான் வருகிறது. காப்பீட்டு அட்டை, வங்கி அட்டை, அதன் இரகசிய எண் ஆகியவையும் தனித்தனி உறைகளில் அதே பெட்டிக்கு வருகின்றன. அரசு மருத்துவக் காப்பீட்டில் இருப்பவரின் வருமானமில்லாத துணைக்குத் தனிச் சந்தா இல்லை, கணவரின் காப்பீட்டிலேயே சேர்த்துக்கொள்வார்கள். பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணமாக மாதம் 18.36 யூரோ கேட்டு எனக்கும் ஒரு கடிதம் வந்தது. அது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு ஒன்று. கணவர் கட்டிவரும் கட்டணக் கணக்கின் எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதியதும் முடிந்துபோனது.

மாதச் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்கப்படும் என்பதைத் தீர்மானிக்கும் வரி வகுப்பைப் பற்றி எங்களுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. மணமானவர்களை இயல்பாக இருவருக்கும் நான்காம் வகுப்பு என்று வைக்கிறார்கள். விரும்பினால் ஒருவர் மூன்று, மற்றவர் ஐந்து என்று மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும்போது மூன்றாம் வகுப்பில் அவர் கைக்கு மாதந்தோறும் அதிகப் பணம் வரும் என்பதால் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். ஆண்டு முடிவில் கூட்டாகக் கணக்குக் கொடுத்தால் மொத்த வரி எப்படியும் ஒன்றுதான் என்பதைச் சொல்வதில்லை. ஐந்தாம் வகுப்பில் இருக்கும் துணை வேலைக்குப் போனால் அவர் கைக்கு வரும் சம்பளம் மிகவும் சுருங்கும். வேலையிழப்பு உதவித்தொகையும் பேறுகாலத்துக்குப் பின் தரும் பெற்றோர் உதவித்தொகையும் அந்தச் சுருங்கிய தொகையை வைத்தே கணக்கிடப்படுகின்றன. எனக்கு வேலை கிடைக்கும்வரை மூன்று–ஐந்து, வேலை கிடைத்ததும் நான்கு–நான்கு என்று முடிவு செய்து, அப்படியே செய்தோம்.

பொறுமையை மிகவும் சோதித்தது வதிவிட அனுமதி அட்டை. நான் வந்த விசா சில மாதங்களுக்கே செல்லும். அதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கைரேகை கொடுக்க வேண்டும். அட்டை பெர்லினில் உள்ள அரசு அச்சகத்தில் தயாராகி வருவதற்கும் சில வாரங்கள் ஆகும். எனக்குக் கொடுக்கப்பட்ட நேரம் விசா முடியும் தேதிக்குப் பிந்தையதாக இருந்தது. பதறத் தேவையில்லை: விசா காலாவதியாகும் முன்பே விண்ணப்பம் சேர்ந்துவிட்டால் பழைய உரிமைகள் தொடர்கின்றன, அதற்கு அத்தாட்சியாக ஒரு தற்காலிகச் சான்றும் கேட்டு வாங்கலாம். அந்தச் சான்றில் வதிவிடச் சட்டத்தின் 81ஆம் பிரிவின் எந்த உட்பிரிவு குறிக்கப்பட்டுள்ளது என்பதைக் கவனிக்க வேண்டும். நான்காம் உட்பிரிவு என்றால் வெளிநாடு போய்த் திரும்பலாம். மூன்றாம் உட்பிரிவு அந்த உரிமையைத் தராது. ஊரில் நாத்தனார் திருமணம் நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் இந்த ஒரு வரிதான் எங்களுக்கு முக்கியமாக இருந்தது.

அதன் பிறகு, புதிதாகக் குடியேறியவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்பில் சேர்ந்தேன். 600 பாட நேரம் மொழிக்கும், 100 பாட நேரம் நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்முறைக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. இறுதியில் மொழித் தேர்வும் 33 கேள்விகள் கொண்ட இன்னொரு தேர்வும் உண்டு. கணவரின் நண்பர்களைத் தாண்டி எனக்கென்று மனிதர்கள் கிடைத்தது அங்கேதான். பக்கத்து இருக்கையில் இருந்த சிரியப் பெண்ணும் நானும் இரண்டு பேருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஜெர்மனில் பேசிப் பழகியதால்தான் எனக்குப் பேச்சு வந்தது. வார இறுதிகளில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போவோம். 2002இல் குடமுழுக்குக் கண்ட அந்தப் பெரிய கோயிலை எழுப்பியவர்கள் ஈழத்தமிழர்கள். 1980களில் அகதிகளாக வந்து, எந்த வழிகாட்டலும் இல்லாமல் இதே அலுவலகங்களின் வாசலில் நின்ற அந்த அக்காமார் என் கடிதங்களைப் படித்துப் பொருள் சொன்னபோது, புளூ கார்டு குடும்பத்தின் சிரமங்களை எவ்வளவு தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும் என்று விளங்கியது.

மிச்சமிருப்பது ஓட்டுநர் உரிமம். இந்திய உரிமம் இங்கே குடியேறியதிலிருந்து ஆறு மாதமே செல்லும், பிறகு எழுத்துத் தேர்விலும் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்விலும் தேற வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம்; சாலையில் தேர்வாளர் ஜெர்மனில்தான் கட்டளை சொல்வார். ஆகவே எழுத்துத் தேர்வுக்கு இப்போதே படித்துக்கொண்டு, வண்டி ஓட்டும் தேர்வை மொழி வகுப்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளத் திட்டமிட்டிருக்கிறேன்.