பத்தாயத்து ஆள்

காலையில் பத்தாயத்தைத் திறந்தால் மூலையில் ஒரு சுண்டெலி. நெல்மணி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஓடாமல் என்னையே பார்த்தது.

"மக்களே, மூடியச் சாத்து, ஓடீரும்" என்று அடுக்களையிலிருந்து அம்மா.

ஓடிவிட்டது.

இந்தச் சுண்டெலிகள் நம் தானியத்தோடு கப்பலேறித்தான் கடல் தாண்டியிருக்கின்றன. எலியின் செல்லுக்குள் இருக்கும், தாய்வழியாக மட்டும் வரும் மரபுப்பொருளான மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை ஒப்பிட்டால் பூர்வீகம் ஓரளவு பிடிபட்டுவிடும். ஸ்காட்லாந்துப் பக்கத்து ஆர்க்னி தீவு எலிகளின் தாய்வழி நார்வேயில் போய் நிற்கிறது, அந்தக் காலத்து வடநாட்டுக் கடலோடிகளான வைக்கிங்குகளின் படகில் ஓசியில் வந்த குடும்பம் என்கிறார்கள்.

சரி, நம்ம குளச்சலுக்கு எத்தனை கப்பல் வந்திருக்கும்! 1741இல் டச்சுக்காரன் படையோடு வந்து இறங்கினானே, அதில் எத்தனை எலி இறங்கியதோ.

அம்மா இப்போது பொறியில் வைக்கத் தேங்காய்த் துண்டு சுட்டுக்கொண்டிருக்கிறாள்.