காயலான் கடைக்குக் கார் வாங்குவது: தராசுக்கு முன்னால் ஆர்.சி.

வடசென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை என்று எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் தார்ப்பாய் போர்த்திய பழைய கார் ஒன்று கண்ணில் படும். நாலு டயரும் இறங்கி, வைப்பருக்கு அடியில் வேப்பஞ்சருகு குவிந்து, பூனை குட்டி போட்டிருக்கும். ‘இத்தனை கிலோ இரும்பு சும்மா நிற்கிறதே’ என்று மனக்கணக்குப் போடுகிறவர்கள்தான் இந்தத் தொழிலுக்குள் வருகிறார்கள். கணக்கு தப்பில்லை. ஆனால் புதிதாக வருகிறவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது இரும்பில் அல்ல, பேப்பரில்.

முதலில் ஒரு விஷயம். ஷெட் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கேஸ் கட்டர் வைத்து, நாமே உடைத்துவிடலாம் என்று ஆரம்பிக்காதீர்கள். 2021 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் விதிகளின்படி, வண்டியை ஒப்படைத்ததற்கும் அழித்ததற்கும் சான்றிதழ் தரும் அதிகாரம் பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் மையங்களுக்குத்தான் உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான சுற்றுச்சூழல் விதிகளும் அமலில் இருக்கின்றன. பழைய ஆயில், பேட்டரி, ஏசி கேஸ் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கையில் கொஞ்சம் பணத்தோடு தொடங்குகிறவருக்கு ஏற்ற வேலை வண்டியைக் கண்டுபிடிப்பது, பேப்பரைச் சுத்தம் செய்வது, மையத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. லாபம் சிறுசு, ஆனால் தூக்கம் கெடாது.

விலை பேசுவதற்கு முன் ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றிதழை, கையில் வாங்கிப் பாருங்கள். மத்திய அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைத் தட்டினால் உரிமையாளர் பெயர், ஹைப்போதிகேஷன் (வண்டி மேல் வாங்கிய கடன்), இன்சூரன்ஸ் விவரம் வரும். டி.என். 03, டி.என். 04 என்று ஆரம்பிக்கும் பழைய வண்டிகள் சில ஆன்லைனில் வரவே வராது. அந்தக் காலத்துக் கைப்பதிவு கணினியில் ஏறியிருக்காது. அப்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேக்லாக் என்ட்ரி (பழைய பதிவைக் கணினியில் ஏற்றுவது) போட்ட பிறகுதான் அடுத்த வேலை. அதை முடித்துத் தருவது யார், அலைச்சலுக்குக் காசு யார் பொறுப்பு என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

அதிகம் மாட்டுவது ஹைப்போதிகேஷனில்தான். கடனை எப்போதோ கட்டி முடித்திருப்பார்கள், ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் மட்டும் அப்படியே நிற்கும். பாக்கி இல்லை என்று அந்தக் கம்பெனி தரும் என்.ஓ.சி.யும், கடன் பெயரை நீக்கும் படிவம் 35-ம் வேண்டும். கம்பெனியை மூடியிருந்தாலோ வேறொன்றோடு இணைத்திருந்தாலோ மாதக்கணக்கில் இழுக்கும். அடுத்தது உரிமையாளர் காலமான வண்டி. “அப்பா வண்டி, நான் கையெழுத்துப் போடுறேன் எடுத்துக்கங்க” என்று மகன் சொல்வார். அந்தக் கையெழுத்து செல்லாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வாரிசு பெயருக்கு மாற்றும் படிவம் 31 என்று போக வேண்டும். மூன்று வாரிசு இருந்து ஒருவர் துபாயில் இருந்தால், அந்த வண்டியைக் கும்பிட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போவதே நல்லது.

பேப்பர் சரியாக இருந்தால் அடுத்தது சேசிஸ் நம்பர், வண்டியின் உடம்பிலேயே அடித்த அடையாள எண். மாருதி 800-ல் பானெட்டைத் தூக்கினால் இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தகரத்தில் அடித்திருக்கும். மேலே இருக்கும் கிரீஸையும் தூசியையும் டீசல் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், பிறகு பழி உங்கள் மேல் வரும். ஒரு வெள்ளைத்தாளை எழுத்துகள் மேல் வைத்து பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் நம்பர் அப்படியே பதியும். ஒரு எழுத்து மட்டும் மேலேறி இருக்கிறதா, ஆழம் வித்தியாசப்படுகிறதா, சுற்றி கிரைண்டர் கோடு தெரிகிறதா, தகரத்தைச் சுற்றிப் புது வெல்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் விலையே பேசாதீர்கள். திருட்டு வண்டி என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 317-வது பிரிவு பாயும். ‘எனக்குத் தெரியாது சார்’ என்று ஸ்டேஷனில் சொல்லிப் பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும். கேட்பாரற்றுத் தெருவில் நிற்கும் வண்டியும் இதே கதைதான். அதை அகற்றுவது மாநகராட்சியும் போலீசும் செய்ய வேண்டிய வேலை, நம்முடையது அல்ல.

இனிமேல்தான் எடை. மாருதி 800 தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது ஏறக்குறைய 650 கிலோ. அம்பாசிடர் 1,100 கிலோவுக்கு மேல். இதை மனப்பாடம் செய்துகொண்டு நேராக ரேட்டால் பெருக்கிவிடக் கூடாது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடல் காற்றில் பத்து வருடம் நின்ற வண்டிக்குத் தரைத்தகரமே இருக்காது. கால் மிதியைத் தூக்கினால் ரோடு தெரியும். ஜாக்கி வைக்கும் இடம் அப்பளம் மாதிரி நொறுங்கும், அதனால் சக்கரத்தைத் தாங்கும் ஆர்முக்கு அடியில் மட்டும் ஜாக்கி போடுங்கள், வண்டிக்கு அடியில் யாரையும் படுக்க விடாதீர்கள்.

ஒரு கணக்கு, எண்கள் உதாரணத்துக்குத்தான். துருப்பிடித்த 800 தராசில் 590 கிலோ. மையம் முழு வண்டிக்குக் கிலோ 25 ரூபாய் தருவதாக வையுங்கள், 14,750 ரூபாய். காரை ஏற்றிப்போகும் ரெக்கவரி வண்டி 2,500, தள்ளிவிட இரண்டு ஆள் 1,000, எடைமேடை 150, ஜெராக்ஸ், போக்குவரத்து 300. உங்களுக்கு 2,000 நிற்க வேண்டுமென்றால் வீட்டுக்காரருக்கு 8,800-க்கு மேல் சொல்லக் கூடாது. பெரியவர் சும்மா விடமாட்டார். “தம்பி, ஒரே கை ஓட்டின வண்டி, இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு” என்பார். “இருக்கும் சார், ஆனா தராசுக்கு அது தெரியாதே” என்பதற்கு மேல் வாதாட வேண்டாம். இன்ஜின் உண்மையிலேயே நன்றாக இருந்தால் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்காரர் அவரிடமே நல்ல விலைக்கு எடுப்பார், அதையும் சொல்லிவிடுங்கள். பிறகு விசாரித்துவிட்டு உங்களைத்தான் கூப்பிடுவார்.

முழு வண்டி என்றால் எது எது இருக்க வேண்டும் என்பதை மையத்தில் முன்பே கேட்டுவையுங்கள். பேட்டரி, ரேடியேட்டர், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இந்த மூன்றும்தான் வழியில் காணாமல் போகும். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு 1995 ஏப்ரலிலேயே கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஆகவே அதற்குப் பிந்தைய வண்டியில் புகைக்குழாயின் நடுவே அந்த உருளை இருக்க வேண்டும். உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு கல், அதில் பூசிய பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்துக்குத்தான் விலை. ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். கலகலவென்றால் கல் உடைந்திருக்கிறது, வெற்று டப்பா சத்தம் வந்தால் யாரோ ஏற்கெனவே உருவிவிட்டார்கள், வெறும் குழாய் வெல்டிங் செய்திருந்தால் விற்றே விட்டார்கள். ரேடியேட்டரில் பழசு செம்பு பித்தளை, புதுசு அலுமினியத்தோடு பிளாஸ்டிக். இரண்டுக்கும் விலை வேறு. இன்ஜின் பிளாக்கில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வார்ப்பிரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்குத் தனி ஜாக்கிரதை வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் நிறைய. சீட்டும் கார்பெட்டும் தண்ணீரைக் குடித்திருக்கும், டிக்கியில் சேறு உறைந்திருக்கும். அந்த எடைக்கு நீங்கள் காசு கொடுத்துவிட்டு, மையத்தில் காய்ந்த எடைக்குக் காசு வாங்குவீர்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் கொடுத்து முடித்த வண்டி என்றால், வண்டி யாருக்குச் சொந்தம் என்பதற்குக் கம்பெனிக் கடிதம் இல்லாமல் தொடாதீர்கள்.

எடைமேடையில் இரண்டு ஏமாற்று. ரெக்கவரி வண்டியைக் காலியாக எடை போடும்போது டிரைவர் இறங்கியிருப்பார், காரோடு போடும்போது உட்கார்ந்திருப்பார். இரண்டு தடவையும் ஒரே நிலையில் போடச் சொல்லுங்கள். இன்னொன்று ஏமாற்றே இல்லை, கருவியின் குணம். பெரிய லாரி மேடைகள் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். 600 கிலோ காருக்குப் பத்துக் கிலோ என்பது 250 ரூபாய். சின்ன மேடையில் போடுங்கள், தொழிலாளர் துறை முத்திரை அந்த வருடத்துக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வண்டியை எடுக்கும் நாளில் வரும் தொல்லை பெரும்பாலும் பின் பிரேக். ஹேண்ட்பிரேக் போட்டு வருடக்கணக்கில் நின்றதால் டிரம்மோடு ஷூ ஒட்டியிருக்கும். கேபிளைத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் ரெக்கவரி வண்டி நுழையாது. விடிவதற்குள் மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டிவிட்டால் அன்றைய நாள் போனது. காலி பெட்ரோல் டேங்க் நிரம்பியதைவிட ஆபத்து, உள்ளே ஆவி இருக்கும். டிக்கியில் எல்.பி.ஜி. சிலிண்டர் பொருத்திய வண்டி என்றால் மையத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேட்டரியைக் கழற்றினால் முதலில் மைனஸ்.

பணத்தை வங்கி வழியாக உரிமையாளர் பெயருக்கே அனுப்புங்கள். ஒப்படைப்புக் கடிதத்தில் தேதியோடு மணியும் எழுதுங்கள். வண்டி அதன்பின் எங்காவது இடித்தாலும், சலான் வந்தாலும், எந்த நிமிடத்திலிருந்து யார் பொறுப்பு என்ற கேள்வி வரும். மையத்துக்கு அவருடைய அங்கீகாரக் கடிதமும் வேண்டும். வண்டி போய்ச் சேர்ந்ததும் தரும் ஒப்படைப்புச் சான்றிதழை அவரிடமே சேர்த்துவிடுங்கள். புது வண்டி எடுத்தால் பதிவுக் கட்டண விலக்குக்கு அது உதவும். பலருக்கு இது தெரியாது, விலை பேசும்போது இதுவும் ஒரு துருப்புச் சீட்டு. சேசிஸ் நம்பர் துண்டை வெட்டி 6 மாதம் வைத்திருப்பது மையத்தின் பொறுப்பு, நீங்கள் வெட்ட வேண்டாம்.

தனியாக உலோக ஸ்கிராப் விற்கிற அளவுக்கு வளர்ந்தால் ஆடிட்டரைப் பாருங்கள். 2024 அக்டோபர் 10 முதல், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவரிடம் பதிவுள்ளவர் ஸ்கிராப் வாங்கினால் வரியை வாங்குகிறவர்தான் கட்ட வேண்டும். அதனால் சிலர் உங்கள் ரேட்டிலேயே அதைக் கழித்துப் பேசுவார்கள். கும்மிடிப்பூண்டி உருக்காலைகளுக்கு லோடு போகும்போது தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் மதிப்பு இருந்தால் சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் என்ற ஆன்லைன் சீட்டு வேண்டும். அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போய் ஆந்திர எல்லையைத் தாண்டினால் ஐம்பதாயிரத்துக்கு மேலேயே வேண்டும்.