முடிக்க விடாத வாக்கியம்

"தொரத்திக்கினு போயி..." என்று பெரியவர் ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "இருங்க ஐயா. முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்டுக்குங்க. அப்புறம் நடந்ததைச் சொல்லுங்க." அதற்குப் பிறகு அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது. அதனால் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். பாலக்கோடு பக்கம், கொல்லையிலேயே கொட்டாய் போட்டுக் குடியிருக்கும் தம்பதி. பிள்ளைகள் பெங்களூரில். ராத்திரி ஒருத்தன் உள்ளே புகுந்திருக்கிறான், பெரியவர் மண்வெட்டிக் காம்பால் அடித்திருக்கிறார். பின்மண்டையில் எலும்பு முறிவு. பையன் பிழைத்துக்கொண்டான், பேச்சு மட்டும் இன்னும் குழறுகிறது. அவன் மேல் திருட்டுக் கேஸ், இவர் மேல் கொடுங்காயக் கேஸ். முன்ஜாமீனுக்காக என்னிடம் வந்தார்கள்.

நான் சொன்ன சட்டம் இதுதான். பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்த தற்காப்பு உரிமை, 2024 ஜூலை 1-லிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கிறது. எண்தான் மாறியது, சாரம் மாறவில்லை. பொழுது சாய்ந்து விடிவதற்குள் வீட்டை உடைத்து ஒருவன் நுழைந்தால், தேவைப்பட்டால் உயிர் போகும் அளவுக்குக்கூடத் தடுக்கலாம் என்கிறது 41. உடைப்பது என்றால் கதவைப் பெயர்க்க வேண்டும் என்பதில்லை. ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கினாலும் உடைத்ததுதான். திறந்து கிடக்கும் கதவு வழியாக நடந்து வந்தால் அது வெறும் அத்துமீறல், கணக்கு வேறு. 37 ஒரு கடிவாளம் போடுகிறது: தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. 43, எதுவரைக்கும் என்று சொல்கிறது: உடைத்து வந்தவன் வீட்டுக்குள் இருக்கும்வரைதான் அந்த உரிமை. வெளியேறி ஓடிவிட்டால் தீர்ந்தது.

"அப்ப ஓடறவன அடிக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"கூடாது. இப்ப சொல்லுங்க, எங்க வெச்சு அடிச்சீங்க?"

அவர் யோசித்தார். அதற்குள் அந்தம்மா, "ஊட்டுக்குள்ளதான் சார். வாசப்படிகிட்ட" என்றார். பெரியவர் அவரைப் பார்த்துவிட்டு, "ஆமா சார், வாசப்படி" என்றார். எப்படி அடித்தீர்கள், காட்டுங்கள் என்றேன். மேஜை மேல் கிடந்த மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு எழுந்தார். கை மேலே போனது. கூடவே இடது கால் முன்னால் போனது, வலது காலும் போனது. அலமாரி இடித்ததும்தான் நின்றார். ஸ்கேலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். வாசப்படியில் நின்று அடிக்கிறவனுக்கு நடக்க வேண்டிய தேவை என்ன? நான் கேட்கவில்லை. வாசப்படி என்றே மனுவில் எழுதினேன். முன்ஜாமீன் கிடைத்தது.

பொய் சொல்லச் சொன்னேனா? இல்லை. படிக்காத மனிதருக்கு, எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தெரியாமல் பேசவிடுவது எந்த விதத்தில் நியாயம்? போலீஸ் பக்கம் சட்டம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், எழுதிக்கொள்ள ஆள் இருக்கிறது. இவருக்கு நான்தான் இருக்கிறேன். என் சீனியர் இப்படித்தான் செய்வார், அவரிடம்தான் கற்றேன். இன்றைக்கு இன்னொருவர் வந்து உட்கார்ந்தாலும் சட்டத்தைத்தான் முதலில் சொல்வேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் அவர் முதலில் சொன்ன வார்த்தை என் காதில் விழுந்த பிறகுதானே நிறுத்தினேன்? காதில் விழாமல் இருந்திருந்தால் அவ்வளவு வேகமாகக் கை உயர்ந்திருக்குமா?

அந்த இருட்டையும் யோசிக்கிறேன். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் ஒரே வீட்டில் மூன்று பேர் கொலை. அடுத்த ஆண்டு ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் தோட்டத்து வீட்டில் வயதான தம்பதி கொலை. அதற்கப்புறம் கொட்டாய்களில் தனியாக இருக்கும் பெரியவர்கள் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. ஓடுகிறவன் ஓடியே போகிறானா, கூட்டாளியைக் கூப்பிடப் போகிறானா என்று அந்த நேரத்தில் யாருக்குத் தெரியும்? 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது: ஆபத்தில் இருப்பவன் ஒவ்வொரு அடியையும் அளந்து அடிப்பான் என்று எதிர்பார்க்க முடியாது, நியாயமான அச்சம் இருந்தால் போதும். அப்படியிருக்க, துரத்தியதையே சொல்லி, ஏன் துரத்தினார் என்பதையும் சொல்லி வாதாடியிருக்கலாமே? வாதாடியிருக்கலாம். முன்ஜாமீன் கிடைத்திருக்குமா? தெரியாது. அந்த வயதில் அவரைச் சேலம் சிறைக்கு அனுப்பிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் பையனின் அம்மாவைப் பார்க்கிறேன். தக்காளிக் கொல்லையில் கூலிக்குப் போகிறவர். என்னை முறைப்பதில்லை, திட்டுவதில்லை. ஒரு நாள் மட்டும், "ஓடிட்டானாமே சார், அப்பறமும் அடிக்கணுமா?" என்று கேட்டார். எதிர்த்தரப்பு ஆளிடம் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது, பேசவில்லை. பேசலாம் என்று விட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்? திருட வந்தவன் என்பது உண்மை. இருபது சொச்சம் வயது என்பதும் உண்மை.

இத்தனையையும் ஒருவழியாக ஆற்றிக்கொண்டு இருந்தபோதுதான் என் ஜூனியர் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அந்தம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது சாதாரணமாக வந்ததாம்: தக்காளி விற்ற பணம் வைத்திருந்த மஞ்சள் பை, விடிந்ததும் மாட்டுக்கொட்டகை ஓரமாகக் கிடந்திருக்கிறது. எடுத்து உள்ளே வைத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"சார், 43-ஐ முழுசாப் படிங்க" என்றாள். படித்தேன், தெரிந்ததுதான். திருட்டாக இருந்தால் கணக்கு வேறு. பொருளோடு அவன் தப்பிப் போய்ச் சேரும்வரை, அல்லது பொருள் மீளும்வரை உரிமை தொடர்கிறது. உயிரை எடுக்கத்தான் கூடாது, அதற்குக் கீழான தீங்கு விளைவிக்க 42 இடம் தருகிறது. பையன் உயிரோடு இருக்கிறான். பணப் பையோடு ஓடியவனைத் துரத்தி அடித்தார் என்றால், பெரியவர் சொல்ல வந்த வாக்கியமே அவரைக் காப்பாற்றக்கூடியதாக இருந்திருக்கும்.

அவ்வளவு லேசாகவும் இல்லை. பையை முதலில் போட்டுவிட்டு ஓடினானா, அடி விழுந்ததால் போட்டானா? போட்ட பிறகு அடித்திருந்தால் பொருள் மீண்டாயிற்று, உரிமையும் முடிந்தாயிற்று. ஒரு மரக்காம்பு இறங்கும் நேரத்துக்குள் இதையெல்லாம் சட்டம் பிரிக்கிறது. அது போக, மனுவில் வாசப்படி என்று எழுதியாகிவிட்டது. இப்போது மாட்டுக்கொட்டகை என்றால் இரண்டையும் நம்ப மாட்டார்கள்.

"அவர்கிட்டயே கேட்டுடலாமே சார்" என்கிறாள் ஜூனியர். கேட்கலாம். உண்மையைத் தெரிந்துகொண்ட பிறகு அதற்கு மாறாக ஒரு சாட்சியை நான் நிறுத்த முடியாது. தெரியாதவரை வாசப்படி நிற்கும். குற்றம் சாட்டப்பட்டவர் தற்காப்பைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கக்கூடும் என்று காட்டினாலே போதும். அந்த அளவுக்கு வாசப்படி தாங்கும் என்றே நம்புகிறேன். "தாங்கலன்னா, உண்மையும் கையில இருக்காது, இதுவும் இருக்காதே சார்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

டாக்டரின் குறுக்கு விசாரணைக்கு முன்னால் பெரியவரை ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறேன். அந்தம்மா இல்லாமல், தனியாக. கேட்பேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.