டேங்க் ஃபுல்

29 ஏப்ரல் 2025
காலையில கிக்கர் அடிச்சதும் அதே கடகட. ஒரு நிமிஷம் கழிச்சு, ஆயில் மேல ஏறினதும் அடங்கிருச்சு. இன்னைக்கு மதுரை மீனாட்சி அம்மன் கோயில்ல சித்திரைத் திருவிழாக் கொடியேத்தம். இனி சிம்மக்கல், கோரிப்பாளையம் பக்கமே தலைவைக்க முடியாது. கப்பலூர்ல வேலை முடிஞ்சா மேலூருக்கு ரிங் ரோடுதான் கதி.

30 ஏப்ரல்
பசுமலை மெக்கானிக்கிட்ட காட்டினேன். ஸ்க்ரூ டிரைவரோட ஒரு முனையை இன்ஜின்ல வச்சு மறுமுனையில காதை வச்சுக் கேட்டாரு, டாக்டர் மாதிரி. "டைமிங் செயினுண்ணே. டென்ஷனரும் போயிருக்கும். ரெண்டு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்க." ரெண்டு நாளா! மேலூர்ல என் பொண்டாட்டிக்குப் பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன தேதி மே 14. முன்னப்பின்ன ஆகலாமாம். முன்னன்னா எம்புட்டு முன்ன?
வண்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

1 மே
லீவு. டேங்கைத் துடைச்சேன். சத்தமே இல்ல. ஸ்டார்ட் பண்ணினாத்தான?

3 மே
சிந்தாமணி தாண்டினதும் பின்னாடி டயர் பாம்பு மாதிரி நெளிஞ்சது. பஞ்சர். ஏழு மணி, இருட்டு, கல் ஏத்தின லாரி ஒவ்வொண்ணும் உரசுற மாதிரி போகுது. தள்ள ஆரம்பிச்சேன். பால் கேன் ரெண்டைத் தொங்கவிட்ட ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டி நின்னுச்சு. தினம் எதிர்ல வர்ற ஆளுதான், ரெண்டு மாசமா லைட்டை அணைச்சு அணைச்சுப் போட்டுக்குவோம். முகத்தை இன்னைக்குத்தான் பாக்குறேன். "தள்ளாத தம்பி. டேங்க் மேல ஏறி உக்காந்து பைய உருட்டு, பின்னாடி கனம் விழக்கூடாது." போற வழியை விட்டுட்டு வண்டியைத் திருப்பி, எனக்குப் பின்னாடியே லைட் அடிச்சுக்கிட்டு விரகனூர் வரைக்கும் வந்தாரு.

பஞ்சர் கடையில டியூபைத் தண்ணித் தொட்டியில முக்கினா, கடுகு கடுகா முட்டை விடுது. டயருக்குள்ள கையை விட்டுத் தடவி, மயிர் மாதிரி ஒரு கம்பியை உருவினாரு கடைக்காரரு. வெடிச்ச லாரி டயர்ல இருந்து சிதறுறதாம். ரோட்டோரம் பூரா அதான் கிடக்காம். இனி ஓரமாப் போறதா நடுவுல போறதா?
மேலூர் போய்ச் சேர ஒம்போதரை. அவ தூங்கலை. கால் வீக்கம் கூடியிருக்கு.

4 மே
அக்னி நட்சத்திரம். சீட்டு தோசைக்கல்.

6 மே
எக்ஸ்எல் வரலை.

7 மே
இன்னைக்கும் வரலை. பேரும் தெரியாது, ஊரும் தெரியாது, யார்ட்ட கேக்குறது? ஒத்தக்கடை டீக்கடையில அழகர் இந்த வருஷம் வைகை ஆத்துல இறங்குறப்ப என்ன கலர் பட்டு உடுத்துவாருன்னு ஹெல்மெட்டைக் கழட்டாமலே ஒருத்தர் சண்டை போட்டுக்கிட்டிருந்தாரு. பச்சைன்னா மழை, விளைச்சல். சிரிச்சுட்டு வந்துட்டேன். வண்டியில ஏறின பிறகுதான் நானும் பச்சைன்னே வேண்டிக்கிட்டது உறைச்சது.

8 மே
திருக்கல்யாணம். புதுக் கயிறு மாத்திக்கிட்டேன்னு அவ போன் பண்ணினா. காலையில கடகட ரெண்டு நிமிஷம். போன வாரம் ஒண்ணு.

10 மே
வந்துட்டாரு! வண்டியை நிறுத்தி, ரோட்டுக்கு அங்குட்டும் இங்குட்டும் நின்னு கத்திக்கத்திப் பேசினோம். மாடு கன்னு போட்டுச்சாம், அதான் நாலு நாளா வரலையாம். விஷயத்தைச் சொன்னேன். ரோட்டைத் தாண்டி வந்து நம்பரைக் குடுத்தாரு. "ராத்திரி எந்நேரம்னாலும் அடி. எக்ஸ்எல்லு மெதுவாத்தான் போகும். நடுவுல நிக்காது."
என் வண்டி அந்நேரம் பாத்துக் கடகடன்னுச்சு. கேட்டிருப்பாரு.

11 மே
இன்னைக்கு அழகரை எதிர்கொண்டு கூப்பிடுற எதிர்சேவை. புதூர், தல்லாகுளம் பூராம் ஜனமாம். நான் திருநகர் வீட்டுல. அத்தை பேசினாங்க: "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, லேசா இடுப்பு வலிதான். பைய வாங்க, விடியட்டும்."
டேங்க் ஃபுல். வண்டி முகத்தைத் தெருவைப் பாக்கத் திருப்பி வச்சிருக்கேன்.

12 மே, காலை 4.20
ஒத்தக்கடை. வேன், ஷேர் ஆட்டோ, மூணு பேரா ஏறின பைக்கு, ஊரே ஆத்துக்குப் போகுது, எல்லா லைட்டும் என் கண்ணுல. மேலூர் பாதையில நான் ஒருத்தன். வண்டியை ஆஃப் பண்ணாமலே டீ குடிக்கிறேன். கடைக்காரர், "பெட்ரோல் வீணாப் போகுது தம்பி, அணைங்க" ங்குறாரு.