அந்த ஒன்பதை அனுப்பியது யார்?

எக்ஸிட் கோட் 137, அதாவது ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்) முடியும்போது விட்டுப்போகிற எண். லாக்கில் கடைசியாக இருந்தது இது ஒன்றுதான். ராத்திரி 1 மணிக்குத் தொடங்கி விடியும் வரை ஓட வேண்டிய ஒரு பைத்தான் வொர்க்கர், சில நாள் முழுசாக ஓடி முடிக்கும், சில நாள் பாதியில் செத்துக் கிடக்கும். சிக்னலால் செத்தால் அந்த சிக்னலின் நம்பரோடு 128-ஐக் கூட்டிக் காட்டுவார்கள். 128-உடன் 9-ஐக் கூட்டினால் 137, அதனால் ஒன்பதாம் நம்பர் சிக்னலான சிக்-கில் (தடுக்க முடியாத கொலை உத்தரவு) வாங்கித்தான் செத்திருக்கிறது என்பது வரைக்கும் தெரிகிறது. யார் அனுப்பினார்கள் என்பதுதான் மூன்று வாரம் எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது.

முதல் சந்தேகம் எல்லாருக்கும் வருவதுதான், ஓஓஎம் கில்லர், அதாவது மெமரி தீர்ந்தால் ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொல்லும் கெர்னலின் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) ஏற்பாடு. ஆனால் கெர்னலின் லாக்கைக் காட்டும் டிமெசேஜில் ஒரு வரி கூட இல்லை, மெமரி கிராஃபும் பாதிக்கு மேல் ஏறவில்லை. சரி என்று, ஒரு ப்ராசஸுக்கும் கெர்னலுக்கும் இடையே நடப்பதை எழுதிக்காட்டும் எஸ்ட்ரேஸை வொர்க்கரோடு ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். இரண்டு நாள் கழித்து அது செத்தபோது எஸ்ட்ரேஸ் கடைசி வரியில் சிக்-கில்லால் கொல்லப்பட்டது என்று மட்டும் சொன்னது. வந்தது சிக்-டெர்மாக (மரியாதையாக முடித்துக்கொள்ளச் சொல்லும் 15-ஆம் நம்பர் சிக்னல்) இருந்திருந்தால், அனுப்பியவரின் பிஐடி (ப்ராசஸ் எண்), யூஐடி (யூசர் எண்) எல்லாம் அடைப்புக்குறிக்குள் அழகாக வந்திருக்கும். ஒன்பதுக்கு மட்டும் ஏன் இந்த மௌனம்?

இதற்குப் பதில் தேடித்தான் லினக்ஸ் கெர்னலின் சிக்னல்.சி ஃபைலைத் திறந்தேன். முன்பே படித்திருக்க வேண்டிய ஃபைல் அது. கில் என்று நாம் கூப்பிட்டதும் எதிரில் இருக்கிற ப்ராசஸ் அந்த இடத்திலேயே செத்துவிடுவதில்லை. அனுப்புகிறவர் கெர்னலுக்குள் வந்து, பலவற்றைத் தாண்டி, 'சென்ட் சிக்னல் லாக்டு' என்கிற ஃபங்ஷனுக்கு வருகிறார். இந்த சிக்னலை அந்த ப்ராசஸ் கண்டுகொள்ளாமல் விடுமா, இதே நம்பர் ஏற்கெனவே காத்திருக்கிறதா என்று அங்கே பார்க்கிறார்கள். அப்புறம் யார், எதற்காக அனுப்பினார் என்று ஒரு சின்னக் குறிப்பைப் பெண்டிங் வரிசையில் தொங்கவிட்டு, அந்த நம்பருக்கான பிட்டை 1 ஆக்கி, தூங்குகிற த்ரெட்டைத் தட்டி எழுப்பிவிட்டுப் போய்விடுகிறார். வாங்குகிறவர் அடுத்த முறை கெர்னலிலிருந்து யூசர் பக்கம் திரும்பும்போதுதான் தனக்கு ஏதோ வந்திருக்கிறது என்று பார்த்து, தன் நேரத்தில், தானே 'கெட் சிக்னல்' வழியாகப் போய் முடிந்துபோகிறார்.

சிக்-கில் என்றால் அந்தக் குறிப்பு எழுதுகிற வேலையையே கெர்னல் தாண்டிவிடுகிறது. சாகப்போகிறவர் படிக்கவே மாட்டார், அதற்கு எதற்கு மெமரி ஒதுக்க வேண்டும் என்கிற கணக்கு. கோடில் அதைச் சொல்லும் கமெண்டே இருக்கிறது. அதைப் பார்த்ததும் நான் இரண்டு வாரமாகத் தப்பான பக்கத்தில் நின்று தேடிக்கொண்டிருந்தது புரிந்தது. வாங்கியவரிடம் கேட்டுப் பயனில்லை, அவருக்கே தெரியாது. அனுப்புகிற அந்த நொடியில், அனுப்புகிறவர் சிபியூவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடிக்க வேண்டும்.

அதற்கான இடத்தைக் கெர்னல்காரர்களே வைத்திருக்கிறார்கள். சிக்னல் ஜெனரேட், சிக்னல் டெலிவர் என்று இரண்டு ட்ரேஸ்பாயின்ட், அதாவது கெர்னல் கோடுக்குள் நடப்பதை வெளியே பதிவுசெய்ய வைத்திருக்கும் இடங்கள். முதலாவது அனுப்புகிற பக்கம், இரண்டாவது வாங்குகிற பக்கம். ரூட்டாக இருந்து, சிஸ் டைரக்டரிக்குள் கெர்னல், ட்ரேசிங், ஈவென்ட்ஸ், சிக்னல் என்று இறங்கினால் இரண்டும் கிடைக்கும். சிக்னல் ஜெனரேட்டின் ஃபில்டர் ஃபைலில் 'சிக் == 9' என்று எழுதி, எனேபிளில் 1 போட்டு, பதிவுகள் வந்து விழும் ட்ரேஸ் பைப்பை ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டேன். ஒன்பதை மட்டும் பிடிப்பதால் பாரமே இல்லை, நாள்கணக்கில் ஓடவிடலாம்.

நான்காம் நாள் காலை ஃபைலில் இந்த வரி இருந்தது:

பீகில்-31877 … சிக்னல் ஜெனரேட்: சிக்=9 எர்னோ=0 கோட்=0 காம்=பைத்தான்3 பிஐடி=30412 ஜிஆர்பி=1 ரெஸ்=0

கடைசிப் பகுதியில் இருக்கும் காமும் (ப்ராசஸின் பெயர்) பிஐடியும் வாங்கியவருடையவை, வரியின் தொடக்கத்தில் இருப்பவர்தான் அனுப்பியவர். இங்கே அது பீகில், பெயரை வைத்து ப்ராசஸ்களைத் தேடி சிக்னல் அனுப்பும் கமாண்ட். முதல் தடவை பார்க்கிறவர்கள் இதைக் குழப்பிக்கொள்வார்கள், நானும் ஒரு நிமிடம் குழம்பினேன். கோட்=0 என்றால் யாரோ ஒரு ப்ராசஸ் சாதாரணமாகக் கில் செய்தது. இதுவே 128 ஆக இருந்திருந்தால் கெர்னலே அனுப்பியது என்று அர்த்தம், அப்போது வரியின் தொடக்கத்தில் இருக்கும் பெயரை நம்பிவிடக் கூடாது. ஓஓஎம் நேரத்தில் அங்கே நிற்பது மெமரி கேட்டு வந்த ஏதோ ஒரு அப்பாவி ப்ராசஸாக இருக்கும். ரெஸ்=0 என்றால் போய்ச் சேர்ந்தது, 1 என்றால் கண்டுகொள்ளப்படவில்லை, 2 என்றால் அதே நம்பர் ஏற்கெனவே காத்திருப்பதால் இது விழுந்துபோனது.

இந்த 2-ஐப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஃபில்டர் இல்லாமல் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தபோது சிக்=17, அதாவது குழந்தை ப்ராசஸ் முடிந்ததை அப்பா ப்ராசஸுக்குச் சொல்லும் சிக்-சைல்டு, சில வரிகளில் ரெஸ்=2 என்று வந்தது. மூன்று குழந்தை ப்ராசஸ் அடுத்தடுத்து முடிந்தால் அப்பாவுக்கு மூன்று சிக்னல் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரு சிக்னலுக்கு ஒரு வெயிட் (முடிந்த குழந்தையின் கணக்கை வாங்கும் கால்) என்று எழுதினால் ஜாம்பிகள், அதாவது கணக்கு முடிக்கப்படாத செத்த ப்ராசஸ்கள் சேரும், வெயிட்பிட்டை லூப்பில் போட்டு ஒன்றும் மிச்சமில்லை என்கிற வரை கூப்பிட வேண்டும். புத்தகத்தில் பத்து தடவை படித்த விஷயம், கண்ணெதிரே அந்த 2-ஐப் பார்த்த பிறகுதான் மனதில் உட்கார்ந்தது.

சரி, பீகில் என்று தெரிந்துவிட்டது, ஆனால் அந்த பீகிலை ஓடவிட்டது யார்? 31877 எப்போதோ முடிந்துபோயிருந்தது. அடுத்ததாக, கெர்னலுக்குள் சின்ன ஸ்க்ரிப்ட் ஓட்டிப் பார்க்க உதவும் பிபிஎஃப்ட்ரேஸில் அதே ட்ரேஸ்பாயின்ட்டில் உட்கார்ந்து, அப்போது ஓடும் டாஸ்க்கின் அப்பா பெயரையும், அவருடைய அப்பா பெயரையும் சேர்த்து அச்சிட வைத்தேன். இந்தத் தடவை இரண்டே நாளில் மாட்டியது. அப்பா ஒரு ஷெல் ஸ்க்ரிப்ட். காம் ஃபீல்டு 15 எழுத்துக்கு மேல் பிடிக்காது என்பதால் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தாலும், எந்த ஃபைல் என்று கண்டுபிடிக்க அது போதும்.

அரை மணிக்கு ஒருமுறை க்ரானில் (நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் ஏற்பாடு) ஓடும் ஸ்க்ரிப்ட் அது. டிஸ்க் 90 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும், மாட்டிக்கொண்டிருக்கும் பேக்கப் வேலைகளைக் கொல்ல 'பேக்கப்' என்கிற சொல்லை பீகிலுக்குக் கொடுக்கிறது, மைனஸ் 9, மைனஸ் எஃப். மைனஸ் எஃப் போட்டால் ப்ராசஸின் பெயரை மட்டுமல்ல, முழு கமாண்ட் லைனையும் பார்க்கும். எங்கள் வொர்க்கருக்குக் கொடுத்திருந்த கான்ஃபிக் ஃபைல் இருந்த டைரக்டரியின் பெயரில் பேக்கப் என்று ஒரு சொல் இருந்தது. டிஸ்க் நிறைந்த ராத்திரிகளில் மட்டும் செத்தது அதனால்தான்.

ஸ்க்ரிப்ட்டில் பிஐடி ஃபைலைப் பார்த்து, முதலில் 15, அரை நிமிடம் பொறுத்து அப்போதும் இருந்தால் மட்டும் 9 என்று மாற்றினோம். ட்ரேஸை 15-க்கும் சேர்த்துத் திறந்துவைத்திருந்தேன். அடுத்து டிஸ்க் நிறைந்தபோது வரியில் சிக்=15, காம்=டார் என்று ஒன்றே ஒன்று விழுந்தது. எங்கள் வொர்க்கர் 4 மணி 20-க்கு எக்ஸிட் கோட் 0 என்று, அதாவது ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது.